யாருக்காகப் பாடியது?

தனக்காக மட்டும் ஒருவர் பாடிவைத்த பாட்டை நாம் கேட்கலாமா? கேட்டபின் நம் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாமா? ஃபோக் இசை கேட்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். கட்டாயம் வைத்திருக்க வேண்டியவை என்று நண்பர்கள் கைகாட்டும் சில ஆல்பங்கள், வெளியிடும் எண்ணத்தோடு பதிவு செய்யப்பட்டவையே இல்லை.

சிபில் பையரின் 'கலர் கிரீன்' அப்படி ஒன்று. 1970 முதல் 1973 வரை, ஜெர்மனியில் தன் வீட்டில், ஒரு டேப் ரெக்கார்டர் முன்னால் கிடாரோடு உட்கார்ந்து பாடியவை. பிறகு குடும்பம், குழந்தைகள், அமெரிக்கா. டேப்புகள் முப்பது வருஷம் சும்மா கிடந்தன. மகன் அவற்றை சிடியாக்கி வீட்டாருக்குக் கொடுத்தார். ஒரு பிரதி டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸிடம் போய், அவர் மூலம் ஆரஞ்ச் ட்வின் என்ற சின்ன இண்டி நிறுவனத்தை எட்டியது. 2006இல் ஆல்பம் வந்தது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோல அவ்வளவு மெதுவான குரல்.

பையராவது அப்போது உயிரோடு இருந்தார், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கானி கான்வெர்ஸிடம் கேட்கவே வழியில்லை. 1950களில் நியூயார்க்கில் தானே எழுதி, கிடாரோடு தானே பாடியவர். ஜீன் டைட்ச் என்ற நண்பர் தன் வீட்டில் அவரைப் பதிவு செய்தார். ஒருமுறை தொலைக்காட்சியிலும் பாடினார், ஆனால் ஆல்பம் எதுவும் வரவில்லை. 1974 ஆகஸ்டில், ஐம்பது வயதில், வேண்டியவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு ஒரு ஃபோக்ஸ்வாகன் காரில் கிளம்பிப் போனார். அதன்பின் தகவலே இல்லை. 'ஹௌ சேட், ஹௌ லவ்லி' 2009இல் வெளிவந்தது.

தொலைக்காட்சிவரை போனவர் காதுகளைத் தேடியவர்தான். அதனால் கேட்பதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். காணாமல்போன பெண்ணின் பாட்டு என்று சொல்லித்தான் ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். காதல் பாட்டைக்கூட அந்தக் காருக்குள் ஏற்றிவிடுகிறோம்.

நிக் டிரேக்குக்கும் இதே கதி. 'பிங்க் மூன்' 1972இல் வந்தது. இருபத்தெட்டு நிமிஷம்தான், ஒரு குரல், ஒரு கிடார், ஒரே ஓர் இடத்தில் கொஞ்சம் பியானோ. 1974இல், 26 வயதில், அவர் இறந்துவிட்டார். இன்று பலருக்கு அது மரணக் குறிப்பு. ஆனால் அந்தக் கிடாரைக் கவனியுங்கள். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிக் கட்டி, விரல்களை அவ்வளவு துல்லியமாக ஓடவிடுபவர் அந்த நேரத்தில் வேலையில் மூழ்கிய ஒரு கலைஞர்.

வாஷ்டி பன்யனை யோசித்துப் பாருங்கள். 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' 1970இல் வந்து விலைபோகவில்லை. குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துக்குப் போன பயணத்தில் பிறந்த பாட்டுகள். அவர் இசையையே விட்டுவிட்டார். 2000இல் மறுவெளியீடு, 2005இல், முப்பத்தைந்து வருஷம் கழித்து, இரண்டாவது ஆல்பம். இடையில் அவர் இறந்திருந்தால் அந்தக் குதிரை வண்டியையும் சோகமாகத்தானே கேட்டிருப்போம்? பாட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

என் தொழிலில், யாரும் பயன்படுத்தாத மென்பொருளைத் தோல்வி என்போம். எண் ஏறவில்லையா, மூடிவிடு. அந்தக் கணக்கில் பையரின் பாட்டுகள் முப்பது வருஷம் தோற்றுக் கிடந்து, 2006இல் திடீரென்று ஜெயித்திருக்க வேண்டும். எனக்கு அது அபத்தமாகப் படுகிறது. டேப் பெட்டிக்குள் கிடந்தபோதும் அவை இதே அளவு நல்ல பாட்டுகள்தான். நாம் கேட்டதால் எதையும் காப்பாற்றிவிடவில்லை. தாமதமாக வந்த விருந்தாளிகள், அவ்வளவுதான். விருந்தாளிக்குச் சில மரியாதைகள் உண்டு.

ஆகவே இந்த நாலு ஆல்பங்களையும் தாராளமாக வாங்கி வையுங்கள். நண்பருக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது கதையை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் தடவை அவர் வெறும் பாட்டைக் கேட்கட்டும். பாடியவருக்கு என்ன ஆயிற்று என்று அவராகக் கேட்டால், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.