விருந்தினரும் புதியவரும்

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியமும் அப்பொருளில் அதை ஆள்கிறது. ஆயினும் விருந்தினரை உபசரிப்பது எளிது. உண்டபின் அவர் விடைபெற்றுச் சென்றுவிடுவார். நிலைத்துத் தங்க வருபவரை ஏற்பதில்தான் மனம் சுருங்குகிறது.

பாறசாலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சபைகள் வேரூன்றின. தொடக்ககால அங்கத்தினருள் பெரும்பாலோர் நாடார்கள். கோயில் வாசல் அவர்களுக்கு மூடியிருந்தது. அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியும் உரிமையை 1859-இல்தான் அரச ஆணை அளித்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. புலையரும் சாம்பவரும் அச்சபைகளை நாடி வந்தனர். அவர்களோடு அருகருகே அமர மூத்த அங்கத்தினர் பலர் தயங்கினர். தனித்தனிச் சபைகளாகக் கூடி வழிபடும் நிலை பல இடங்களில் உண்டாயிற்று.

இழிவை அனுபவித்தவர் பிறரை இழிவுசெய்யார் என்று எண்ணுகிறோம். அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அரும்பாடுபட்டுப் பெற்ற இடம் என்பதாலேயே அதைப் பகிர்ந்துகொள்ள அச்சம் எழுகிறது. அவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம் பஜனைக் கூடங்களிலும் முன்வரிசைக்கு 'உரிமையாளர்' உண்டல்லவா?

அதே வட்டாரத்தில், நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், 1888-இல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றுக் கல்லொன்றைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். சாதியும் மத வெறுப்பும் கடந்த சகோதர வாழ்வுக்கு அவ்விடம் முன்மாதிரி என்று அங்கே எழுதிவைத்தார். வருவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாழ்வோரைப் பற்றியே எழுதினார்.