பைக்குள் வைத்த பனியுருண்டை



ஒரு சின்னப் பையன். பெயர் பீட்டர். காலையில் கண் விழித்து ஜன்னல் வழியே பார்த்தால் தெருவெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறான். கால்விரலை வெளிப்பக்கம் திருப்பி நடந்து பார்க்கிறான். உட்பக்கம் திருப்பியும் நடந்து பார்க்கிறான். காலைத் தூக்காமல் இழுத்து இழுத்துக் கோடு போடுகிறான். ஒரு குச்சி கிடைக்கிறது. அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போனால் மூன்றாவதாக ஒரு கோடு! அதே குச்சியால் மரத்தைத் தட்டுகிறான். மேலே இருந்த பனி தொப்பென்று தலையில் விழுகிறது. பெரிய பையன்களின் பனியுருண்டைச் சண்டையில் சேர ஆசைதான், ஆனால் தனக்கு இன்னும் வயது பற்றாது என்று அவனுக்கே தெரிகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது, நாளைக்கு ஆகட்டும் என்று ஒரு கைப்பிடிப் பனியை உருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். ராத்திரி படுக்கப் போகுமுன் பையைத் துழாவினால், காலி.

மறுநாள் விழித்தால் பனி அப்படியே இருக்கிறது, புதிதாகவும் பெய்துகொண்டிருக்கிறது. எதிர்வீட்டுச் சிநேகிதனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே போகிறான். கதை முடிந்தது.

1962-ல் நியூயார்க்கில் வெளிவந்த 'தி ஸ்னோயி டே' என்ற படப்புத்தகம் இது. எழுதிப் படமும் போட்டவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். திருடன் இல்லை, அரக்கன் இல்லை, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் நியூயார்க் பொது நூலகம் 2020-ல் தன் 125-ஆம் ஆண்டை ஒட்டி, தொடங்கிய நாளிலிருந்து மிக அதிகம் இரவல் போன புத்தகங்களைக் கணக்கெடுத்தபோது முதலிடத்தில் வந்தது இந்தப் பீட்டர்தான். 4,85,583 தடவை வீடுகளுக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல்கூட அவனுக்குப் பின்னால்தான். சின்னப் புத்தகம், சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். அது மட்டுமே காரணம் என்றால் அங்கிருந்த எல்லாச் சின்னப் புத்தகமும் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டுமே!

அதே பட்டியலில் ஒரு வேடிக்கை. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து 1947-ல் வந்த 'குட்நைட் மூன்' உலகப் புகழ் பெற்ற புத்தகம். படுக்கையில் கிடக்கும் ஒரு முயல்குட்டி அறையில் உள்ள சீப்பு, பிரஷ், கஞ்சிக் கிண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான். அது முதல் பத்தில் இல்லை. ஏனென்றால் அந்த நூலகம் 1972 வரைக்கும் அதை வாங்கவே இல்லை! அங்கே சிறுவர் பிரிவைக் கட்டி வளர்த்த ஆன் கரோல் மூர் அம்மையாருக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர் வாக்குக்கு அங்கே மதிப்பு இருந்தது. குழந்தைக்குத் தேவதைக் கதை வேண்டும், கற்பனை உலகம் வேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்ற கல்வியாளர். கண்ணெதிரே இருப்பதும் காதில் விழுவதுமே சின்னக் குழந்தைக்கு அதிசயம்தான் என்று சொல்லி, 1921-லேயே அப்படிப்பட்ட கதைகளைத் தொகுத்துப் போட்டவர். பிரவுன் அவரிடம் பயின்றவர்.

எனக்கு இரண்டு கட்சியும் வேண்டும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை மிட்செல் பக்கம்தான் நியாயம். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதே, அதையே இன்னும் நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற வயது. பறக்கும் கம்பளம் கொஞ்சம் பொறுத்து வரட்டும்.

கீட்ஸ் 1916-ல் புரூக்லினில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். அப்பா காபிக்கடையில் பரிமாறுகிறவர். ஓவியம் சோறு போடாது என்று மகனைக் கண்டிப்பார், அப்புறம் வண்ணக் குழாய்களையும் வாங்கி வருவார். பசியோடு வந்த ஓவியன் ஒருவன் சூப்புக்குப் பதில் இதைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று கதை வேறு!

1940-ல் 'லைஃப்' பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களைக் கீட்ஸ் வெட்டி வைத்துக்கொண்டார். மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு அவர் படம் போட்ட காலத்தில், அப்படி ஒரு குழந்தையை நாயகனாக வைத்த கதை ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, தானே தனியாக எழுதிய முதல் புத்தகத்தில் அந்தப் பையனைப் பனியில் இறக்கிவிட்டார். பீட்டரின் நிறம் படத்தில் இருக்கிறது, எழுத்தில் ஓர் இடத்திலும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் குறை சொன்னார்கள். பனியில் விளையாடுகிற பிள்ளை எதற்காகத் தன்னைப் பற்றி விளக்கம் சொல்லவேண்டும்? 1963-ல் புத்தகத்துக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

படங்களைச் செய்த விதமும் கிட்டத்தட்டக் குழந்தை விளையாட்டுதான். பல நாட்டுக் காகிதங்களை வெட்டி ஒட்டினார். அம்மாவின் கவுனுக்கு, அலமாரித் தட்டில் விரிக்கிற மெழுகுத்துணி. அழிரப்பரில் அச்சு வெட்டி, சாயத்தில் தோய்த்துக் குத்தினால் பனித்துகள். பீட்டர் தூங்கப்போகும் பக்கத்தின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு மையை டூத்பிரஷ்ஷால் தெளித்தார்.

நம் கடைகளில் சிறுவர் புத்தகம் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது நீதிக்கதைதான். படித்துக் காட்டி முடித்த கையோடு, "இதுல இருந்து என்ன கண்ணு தெரிஞ்சுக்கிட்டே?" என்று பரீட்சை வைக்கிறோம். காலைச் சிந்தனை பேசுகிறவனே நீதியைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். நீதிக்கு நேரம் இருக்கிறது. குழந்தை அந்தக் குச்சிப் படத்திலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றால் நாமும் நிற்கலாம், பக்கத்தைத் திருப்ப அவசரம் என்ன?

1964-ல் பீட்டரை வைத்தே கீட்ஸ் இன்னொரு புத்தகம் செய்தார், 'விசில் ஃபார் வில்லி'. தன் நாயை விசிலடித்துக் கூப்பிட வேண்டும், அதுதான் பீட்டரின் ஆசை. விசில் வருவேனா என்கிறது. பெரிய ஆளானால் வருமோ என்று அப்பாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு ஊதுகிறான். வரவில்லை. ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஊதும்போது வந்துவிடுகிறது, நாயும் ஓடி வருகிறது. அம்மா கடைக்கு அனுப்பினால் போகும்போதும் விசில், வரும்போதும் விசில்.

வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் தேடிப் பிடித்துப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் காலையில் கிளம்பும் சத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.