பழைய மோதிரத்தின் நியாய விலை

சோளகம் ஓய்ந்து கடல் அமர்ந்துவிட்டால், கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எமது கரையோரப் பங்குகளிலே கலியாணப் பேச்சும் கிளம்பிவிடும். வலையிலே நாலு காசு விழுகிற காலம் அது. நத்தாருக்கும் தவக்காலத்துக்கும் இடையிலுள்ள சில கிழமைகளுக்குள் ஓலை வாசித்து மெய்விவாகத்தை நிறைவேற்றிவிட வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுவார்கள். அதற்கு முன்னே மோதிரம் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு மோதிரம் வாங்க வேண்டும்.

இந்த மோதிரம் ஒரு காலத்திலே பெரிய விவகாரமாக இருந்ததில்லை. கால் பவுணோ அரைப் பவுணோ கொடுத்தால் ஊர்ப் பத்தர் தட்டித் தந்துவிடுவார். இன்றைய பிள்ளைகள் வைரம் கேட்கிறார்கள். வென்னப்புவைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இத்தாலியிலே உழைக்கிறார்கள். அங்கே கண்டதை இங்கே கேட்கிறார்கள். அதிலும் இப்போது ஒரு புதுமை, பழைய காலத்திலே பட்டை தீட்டிய வைரந்தான் வேண்டுமாம். பழசு புதுமையாகிவிட்டது!

பழைய பட்டை என்றால் என்ன? இன்று கடைகளில் மினுங்கும் வட்ட வைரத்தின் அளவுகளை மார்செல் டொல்கொவ்ஸ்கி என்பவர் 1919-ல் கணக்கிட்டு வெளியிட்டார். அதற்கு முந்திய கற்களைத் தொழிலாளி பெரும்பாலும் தன் கண்ணையும் கையையும் நம்பித் தீட்டினான். ஆகவே ஒன்றுபோல் மற்றொன்று இராது. மேற்புறம் உயர்ந்து, முகம் சிறுத்து இருக்கும். அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக்கியிருப்பதால், மேலிருந்து பார்க்கையில் நடுவிலே சின்ன வட்டமொன்று தெரியும். தமிழ்நாட்டுப் பழைய குடும்பங்கள் 'புளூ ஜாகர்' என்று பெருமையோடு சொல்லும் கற்கள் தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெயின் சுரங்கத்தின் பெயரால் வழங்குபவை. எமது தீவு இரத்தினத் தீவுதான். ஆனால் வைரம் விளையாத தீவு. ஆகவே இங்கே ஒரு பழைய வைர மோதிரம் விலைக்கு வந்தால், அது யாரோ ஒருவருடைய விரலிலிருந்து கழன்று வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

அங்கேதான் வீட்டுப் பெரியவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. "யார் போட்டதோ? கைம்பெண்ணுடைய மோதிரமோ? ராசியில்லாத கல்லோ?" ஞாயிறு தவறாமல் பூசை காணும் வீட்டிலேதான் இப்படிப் பேச்சு! வைரத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துக் கனவு பார்த்து முடிவுசெய்பவர்களும் உண்டு. வாசகரே, இதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. முதலாம் கற்பனைக்கு விரோதமான மூட நம்பிக்கை இது. கணவனை இழந்த ஒரு பெண் நாற்பது வருடம் பிரமாணிக்கமாய் அணிந்த மோதிரத்தைத் தன் விரலில் போட ஒரு மணமகள் ஏன் கூச வேண்டும்?

நாம் அஞ்ச வேண்டிய கேள்வி வேறொன்று. அந்த மோதிரம் அவர் விரலை விட்டு எந்த விலைக்குப் போனது?

2022-ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருடம் ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. வள்ளங்கள் கரையிலே கிடந்தன. இயந்திரம் ஓடாத வீட்டிலே முதலில் ஈட்டுக்குப் போவது நகைதான். முதலில் காப்பு, பிறகு சங்கிலி, கடைசியாக மோதிரம். மீட்க முடிந்தவர்கள் மீட்டார்கள். மீட்க முடியாதவை ஏலத்திலும் கைமாற்றிலும் போயின.

நகை விற்கப் போனவருக்கு ஒரு சங்கதி தெரியும். கடைக்காரர் தங்கத்தை நிறுப்பார். கல்லின் பாரத்தைக் கழிப்பார். "இது பழைய வெட்டு அம்மா, இப்போது யார் கேட்கிறார்கள்?" என்பார். விற்பவர் வெளியே போன பின்பு அந்தக் கல்லே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி, 'புராதன வைரம்' என்று பெயர் பெற்று, அதன் பழமைக்கே விலை கேட்கும். எல்லாக் கடைக்காரரும் இப்படியென்று சொல்லவில்லை. ஆனால் இது புதிய வழக்கமுமல்ல. வாங்கும்போது சரக்கைப் பழித்து, வாங்கிப் போன பின்பு தன் கெட்டித்தனத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் ஆகமத்தின் 20-ஆம் அதிகாரத்திலே காணலாம். அவன் கடைக்காரன் மாத்திரமல்ல. சந்தைக்குப் போகும் நாமும் அவனே.

ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம். உங்கள் பங்கிலே வயதான தாயார் ஒருவர் தம் மாமியார் விட்டுப்போன மோதிரத்தை விற்க வருகிறார். கல்லை அவர் 'மாத்தறை வைரம்' என்றே நம்பியிருக்கிறார். தென்னிலங்கை மாத்தறைப் பகுதியிலே கிடைக்கும் சிர்கோன் என்ற நிறமற்ற கல்லுக்கு அந்தப் பெயர். முற்காலத்திலே அதையும் வைரத்தில் ஒரு தாழ்ந்த சாதியென்று எண்ணி நகைகளில் பதித்தார்கள். பார்வைக்கு ஏமாற்றும். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சற்றுச் சாய்த்து நோக்கினால், சிர்கோனின் அடிப்பட்டைகளின் ஓரங்கள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்திலே ஒற்றைக் கோடுதான். நெடுங்காலம் அணிந்த சிர்கோனின் விளிம்புகள் தேய்ந்தும் இருக்கும். உங்கள் மகனுக்கு இதெல்லாம் தெரியும். பார்க்கிறான். கோடுகள் ஒற்றை, விளிம்புகள் கூர்மை, நடுவிலே அந்தச் சின்ன வட்டம். பழைய பட்டை வைரம்! தாயார் கேட்பதோ மோதிரத்தின் தங்கத்துக்குரிய விலை மாத்திரம். அவன் வாயைத் திறக்க வேண்டுமா?

"கேட்ட விலையைக் கொடுத்தேன், களவெடுக்கவில்லையே" என்று அவன் சொல்லலாம். புனித தோமஸ் அக்குவினார் இதே வழக்கை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருக்கிறார். தன் பொருளின் தரம் அறியாமல் பொன்னைப் பித்தளையென்று நினைத்து ஒருவன் விற்கிறான். வாங்குபவன் அதை அறிந்திருக்கிறான். அப்படியானால் அவன் வாங்குவது அநீதி, ஈடு செய்யவும் கடமைப்பட்டிருக்கிறான் என்பது அவர் தீர்ப்பு. பித்தளையின் இடத்தில் மாத்தறைக் கல்லையும், பொன்னின் இடத்தில் வைரத்தையும் வைத்துப் பாருங்கள். வழக்கு முடிந்தது.

வேதாகமம் படித்த பிள்ளையாயின் இன்னொரு கேள்வி கேட்பான். "நிலத்திலே புதையலைக் கண்டவன் அதை மறைத்துவிட்டுப் போய் நிலத்தை வாங்கினானே. நிலத்துக்காரனிடம் அவன் சொல்லவில்லையே. ஆண்டவர் அவனைக் கண்டிக்கவில்லையே?" நல்ல கேள்விதான். ஆயினும் அந்த உவமை விண்ணரசுக்காக அனைத்தையும் இழக்கத் துணியும் ஆர்வத்தைக் காட்டச் சொல்லப்பட்டது. கொடுக்கல் வாங்கலுக்கு விதி வகுக்கச் சொல்லப்பட்டதல்ல. அநீத கண்காணிப்பாளனின் உவமை கணக்குப் புத்தகத்தைத் திருத்தக் கற்றுக்கொடுக்காதது போலத்தான். அடுத்த உவமையையும் வாசிக்கச் சொல்லுங்கள். முத்து வணிகன் முத்தை முத்தென்றே அறிந்து, தனக்குள்ளதையெல்லாம் விற்று வாங்குகிறான். முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லிலிருந்தே சிலாபம் என்ற பெயர் வந்தது என்பார்கள். அந்தக் கரையிலே பிறந்த நமக்கு அவ்வணிகனை நன்றாகவே விளங்க வேண்டும்.

தாயாருக்குக் கல் வைரமென்று தெரிந்தேயிருக்கிறது. ஆனால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் காசு வேண்டும், ஆகவே பாதி விலைக்குச் சம்மதிக்கிறார் என்றால்? இங்கே ஏமாற்று இல்லை, சம்மதமும் உண்டு. ஆயினும் 1891-ல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேறு வழியற்ற நெருக்கடியினால் குறைந்த கூலிக்கு இணங்கும் தொழிலாளி அநீதிக்குப் பலியாகிறான் என்று போதித்தார். 2025-ல் தெரிவான பாப்பரசர் அதே பெயரைத் தமக்குச் சூடியதற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் கூறினார். கூலிக்குப் பொருந்துவது மோதிரத்துக்குப் பொருந்தாதா? பேரம் பேசுவது பாவமென்று நான் சொல்ல வரவில்லை. பேரம் பேசாத கலியாணச் சந்தை ஏது! ஆனால் பொருளின் விலையைப் பேசுவது ஒன்று, எதிரே நிற்பவருடைய தவிப்பின் விலையைப் பேசுவது வேறொன்று.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் அழகான கட்டளையொன்று உண்டு. கடன் கொடுத்தவன் ஈடு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியிலே நிற்க வேண்டும். கடனாளி தானே எடுத்து வந்து கொடுக்க வேண்டும். ஏழைக்கும் வாசற்படி உண்டு என்று ஆண்டவர் நினைத்திருக்கிறார். அவர்கள் வீட்டுக்குள் போயிருந்து, பெட்டகத்தைத் திறப்பித்து, "வேறென்ன இருக்கிறது அக்கா?" என்று கேட்டுப் பழைய நகை பொறுக்குகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

இனிக் கொழும்புச் செட்டியார் தெருவிலே வாங்குகிறவர்களின் நிலை. கொச்சிக்கடை அந்தோனியாரை வணங்கிவிட்டு அப்படியே கடைக்குப் போகிற வழக்கம் நம்மவர்க்கு உண்டு. நாலு கை மாறி வந்த மோதிரத்தின் முதல் உரிமையாளரைத் தேடிப் பிடிக்கும்படி திருச்சபை உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வீண் மனச்சஞ்சலம் வேண்டாம். தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பற்றுச்சீட்டு கேளுங்கள். கல்லைச் சோதிப்பித்து வாங்குங்கள். களவுப் பொருளென்று சந்தேகம் தட்டினால் விட்டுவிடுங்கள். ஆனால் விற்பவரை உங்களுக்குத் தெரியும், அவர் உங்கள் பங்கிலேயே இருக்கிறார், உங்களோடு ஒரே பந்தியிலே நற்கருணை வாங்குகிறார் என்றால் உங்கள் கடமை கூடுகிறது. கல்லின் தரத்தைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். கையிலுள்ள பணம் அதற்குப் போதாவிட்டால் அந்த மோதிரம் உங்களுக்குரியதல்ல. மெல்லிய பொன் வளையம் போதும். கோவிலிலே குருவானவர் மோதிரத்தை மந்திரிக்கும்போது கல்லுக்கென்று தனிச் செபம் எதுவும் சொல்வதில்லை.

அறியாமல் மலிவாய் வாங்கி, மோதிரமும் மாற்றிய பின்பு, கல்லின் உண்மை தெரியவந்தால்? அறியாமல் செய்ததிலே பாவமில்லை. அறிந்த நாள்முதல் கடன் உண்டு. இதற்காக மணப்பெண்ணின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்ற வேண்டாம். விற்றவரிடம் போய்ச் சங்கதியைச் சொல்லி, விலை வித்தியாசத்தைக் கொடுங்கள். அவர் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களும் அகப்படாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாதா? சீட்டுப் பணம் மாதா மாதம் கட்டுகிறீர்கள்தானே, அதுபோல இதையும் கட்டித் தீர்க்கலாம்.