எதிரிக்குச் சொல்லும் உண்மை

நம்மை அழிப்பதற்காக ஒருவன் தேடி வருகிறான். நாம் ஒளிந்திருக்கும் இடத்தைச் சுட்டி, "நீ இங்கேயா நிற்கிறாய்?" என்று நம்மிடமே கேட்கிறான். நாம் அங்கேதான் நிற்கிறோம். என்ன பதில் சொல்வது?

இதை ஒத்த கேள்வியொன்றை ஜேர்மனியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் எடுத்துக்கொண்டார். கொலைகாரன் வாசலில் நிற்கிறான். நம் நண்பன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா? அப்போதும் கூடாது என்றார் காண்ட். அந்த முடிவை ஏற்றவர்களைவிட ஏற்காதவர்களே அதிகம். நானும் ஏற்காதவன்தான். ஓர் உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யைக் குற்றமென்று என் மனம் ஒப்புவதில்லை. ஆனால் இதே கேள்வி இன்னோர் இடத்தில் கேட்கப்படும்போது காண்டின் பதிலைத் தவிர வேறு பதிலே இருக்க முடியாது. அந்த இடம் ஒரு விளையாட்டுப் பலகை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவலோன் ஹில் என்றொரு கம்பனி இருந்தது. சார்ள்ஸ் ரொபர்ட்ஸ் என்பவர் 1950களில் தொடங்கியது. சரித்திரத்தில் நடந்த போர்களை அட்டையும் காகிதமும் கொண்டு மேசைமீது மறுபடி நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளை அது வெளியிட்டது. அவற்றுள் கடற்போர் விளையாட்டுகள் சிலவற்றுக்குத் தனிப்புகழ் உண்டு. 1962இல் 'பிஸ்மார்க்', 1964இல் 'மிட்வே', 1967இல் 'ஜட்லாண்ட்' என அவை வந்தன. தரையில் இரு படைகளும் எதிரெதிரே நிற்கும். கடலிலோ எதிரியைக் கண்டுபிடிப்பதே பாதி யுத்தம். 1941 மே மாதத்தில் ஜேர்மனியரின் பிஸ்மார்க், பிரித்தானியாவின் ஹூட் என்ற பெருங்கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. ஹூட்டில் இருந்த 1,418 பேரில் மூவரே தப்பினர். அதன்பின் பிஸ்மார்க் அட்லாந்திக்கில் மறைந்துவிட, அது எங்கே என்று தெரியாமல் ஒரு பெரிய கடற்படையே திணறியது. இந்த மறைவை ஒரு மேசைமேல் எப்படிக் கொண்டுவருவது?

அவர்கள் கண்ட வழி மிக எளியது. ஆடும் இருவருக்கும் தனித்தனியே ஒரு தேடல் பலகை. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. கடல் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு எழுத்தும் எண்ணும் இடப்பட்டிருக்கும். நான் ஒரு கட்டத்தின் பெயரைச் சொல்லுவேன். உங்கள் கப்பல் அங்கே இருந்தால், இருக்கிறது என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். மறைப்புக்கு அப்பால் உங்கள் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல மத்தியஸ்தரும் இல்லை. வடக்கே போவதாகக் காட்டித் தெற்கே போகலாம், ஒரு கப்பலைப் பலிகொடுத்து மற்றதைத் தப்பவைக்கலாம். வஞ்சகம் அத்தனைக்கும் அனுமதி உண்டு, கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதற்கு மட்டும் இல்லை.

என் மைத்துனர் கட்டாரில் பழைய சாமான் விற்கும் இடமொன்றில் 'மிட்வே' பெட்டியைக் கண்டு, "சேருக்கு உதவும்" என்று வாங்கிவந்தார். சில காய்கள் காணாமற் போயிருந்தன. தேயிலைப் பெட்டியின் அட்டையில் வெட்டிச் சேர்த்தேன். பெட்டிக்குள் பகடையைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். ஆகவே ஒன்று முதல் ஆறு வரை எழுதிய காகிதத் துண்டுகளைப் பால்மாப் பேணிக்குள் போட்டு எடுத்து ஆடினோம். இதுவும் பகடையின் வேலையைத்தானே செய்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த விளையாட்டின் எளிய வடிவம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். சதுரக்கோட்டுக் கொப்பியில் இருவர் கப்பல்களை வரைந்து ஒளித்துக்கொண்டு மாறி மாறிக் கட்டம் சொல்லும் ஆட்டம். மேலைநாடுகளில் 1930களிலேயே அச்சிட்ட தாள்களாக விற்கப்பட்டது. 1967இல் மில்டன் பிராட்லி கம்பனி பிளாஸ்டிக் பலகையாக்கியது. தரம் 8 மாணவர்க்கு ஆள்கூறு கற்பிக்க இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். ஒருநாள் அப்படி ஆடும்போது, "அளாப்புறான் சேர்!" என்று சத்தம் வந்தது. ஒருவன் தன் கப்பலை அழிறப்பரால் அழித்து இரண்டு கட்டம் தள்ளி வரைந்திருந்தான். காகிதத்தில் தடம் இருந்தது. நான் வியந்தது அளாப்பியவனைப் பார்த்து அல்ல. மற்றவனிடம் கோபமே இல்லை. பென்சிலை வைத்துவிட்டு, "இனி நான் என்னத்துக்குக் கேட்கிற சேர்?" என்றான்.

பன்னிரண்டு வயதுப் பையன் காண்டைப் படித்தவனில்லை. ஆனால் காண்டின் வாதத்தின் நடுநரம்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது. பொய் ஒரு பதிலைக் கெடுப்பதில்லை, கேட்பதையே கெடுக்கிறது. நிஜமான கொலைகாரனுக்கும் நமக்கும் இடையில் இப்படிக் காப்பாற்ற வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. அவன் கேட்பது வெறும் மிரட்டல். அதனால்தான் அங்கே காண்ட் தவறுகிறார் என நினைக்கிறேன். பலகையின் இருபுறமும் இருப்பவர்களோ தோற்கடிக்க விரும்பும் ஒருவரிடமே தம் கடலை அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை எட்டாத தூரத்தில் என்ன செய்தார்கள் என்பதும் சுவையானது. அவலோன் ஹில் 1964 முதல் 'ஜெனரல்' என்றொரு சஞ்சிகையை நடத்தியது. எதிராளி வேறு ஊரில் இருந்தால் தபால் மூலம் ஆடலாம். ஆனால் நான் என் வீட்டில் பகடை உருட்டி ஆறு விழுந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டுமே? அதற்குப் பங்குச் சந்தையைப் பிடித்தார்கள். இன்ன திகதியில் இன்ன கம்பனிப் பங்கின் விற்பனை எண்ணிக்கையில் கடைசி இலக்கம் எதுவோ அதுவே பகடை. பத்திரிகையில் இருவரும் பார்த்துக்கொள்ளலாம். மனிதனை நம்ப முடியாத இடத்தில் வோல் ஸ்ட்ரீட்டை நம்பினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கடற்படைகளே இத்தகைய ஆட்டங்களை நெடுங்காலமாக ஆடிவந்தன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி நியூபோர்ட்டில் 1887 முதல் ஆடியது. பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898இல் தன் கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். இவற்றையெல்லாம் விட்டு, 1942 என்ற ஒரே ஆண்டில் நடந்த இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்தது. காசநோயால் கடற்படையிலிருந்து விலக்கப்பட்ட கில்பேர்ட் ரொபர்ட்ஸ் என்ற அதிகாரி, நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல் தொகுதிகளைக் காக்கும் வழிகளைக் கண்டறிய ஒரு பிரிவைத் தொடங்கினார். அங்கே தரைதான் கடல். கப்பல்களின் பாதையை வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும் நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சுண்ணக்கட்டியாலும் வரைந்தார்கள். சுற்றிலும் துணித் திரை. அதன் சிறு துவாரத்தால் பார்க்கும் கப்பல் தளபதிக்குப் பச்சைக் கோடு கண்ணுக்குப் படாது. தரையில் குனிந்து கோடு வரைந்தவர்கள் ஜீன் லெய்ட்லோ, ஜெனட் ஒகெல் போன்ற இளம் பெண்கள். அட்மிரல் மக்ஸ் ஹோர்ட்டன் முதலாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கி செலுத்திப் பெயர்பெற்றவர். அவர் நீர்மூழ்கிப் பக்கத்தை எடுத்து ஆடி, ஒகெலிடம் மீண்டும் மீண்டும் தோற்றார் என்பார்கள். தோற்றவர் தரையை அழிக்கச் சொல்லவில்லை.

மற்றது யப்பானில், யமாட்டோ போர்க்கப்பலில் மே மாதத் தொடக்கத்தில் நடந்தது. மிட்வே தாக்குதலுக்கான ஒத்திகை. மத்தியஸ்தராக இருந்த ஒக்குமியா பகடை உருட்ட, யப்பானிய விமானந்தாங்கிகள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்தன. அக்காகியும் ககாவும் மூழ்கின. அதிகாரி உகாக்கி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார். ககா மாத்திரம் மூழ்கியதாக எழுதப்பட்டது. ஒத்திகையின் அடுத்த கட்டத்தில் அந்த ககாவும் உயிர்பெற்று வந்துவிட்டது. இதைப் புச்சிடாவும் ஒக்குமியாவும் சேர்ந்து எழுதிய நூல் சொல்கிறது. புச்சிடாவின் வேறு சில கூற்றுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்திலோ மத்தியஸ்தரே நூலாசிரியர்களில் ஒருவர்.

ஜூன் 4ஆம் திகதி அக்காகி, ககா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கும் தாக்கப்பட்டு அழிந்தன. யப்பானியர் ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்தி உகாக்கியைப் பழிப்பது வழக்கம். நான் அப்படிச் செய்யமாட்டேன். ஒத்திகையில் ஒன்பது குண்டு போட்டவை தீவிலிருந்து புறப்பட்ட விமானங்கள். நிஜத்தில் தீவிலிருந்து வந்தவை ஒரு குண்டையும் கப்பல்மீது போடவில்லை. அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்தவை. அப்படிப் பார்த்தால் மூன்று என்பதுகூட அதிகம். உகாக்கியின் கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். கெட்டது கணக்கு அல்ல. தன் கப்பல்மீது விழுந்த அடியைத் தானே எண்ணும் அதிகாரம் அவர் கையில் இருந்ததுதான். ககா மீண்டு வந்ததற்கோ எந்தக் கணக்கும் இல்லை.

இந்தக் கப்பல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அக்காகியும் சோர்யுவும் ஹிர்யுவும் அதற்கு இரண்டு மாதம் முன்பு நம் கடலில் நின்றன. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய அணி அது. பிஸ்மார்க்குக்கு இறுதி டோர்பிடோக்களை ஏவிய டோர்செட்ஷயர் கப்பலை அன்றே இலங்கைக்குத் தென்மேற்கில் மூழ்கடித்தது. ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். அது இன்றும் அங்கேதான் கிடக்கிறது. எங்கள் பக்கத்து மீனவர்க்கு அது மீன் சேரும் இடம்.

என்னோடு படிப்பிக்கும் ஒருவர், "நாங்க கண்ட சண்ட போதாதா சேர்? அதையும் விளையாடணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அட்டைக் காயில் முந்நூற்றேழு பேர் இல்லை. ஓர் எண்ணும் ஒரு படமும்தான் இருக்கிறது. இதை மறைத்து அந்த விளையாட்டைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் 2009 வரை நாம் வானொலியில் கேட்ட யுத்தத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரு தரப்பும் எதிரியின் இழப்பைக் கூட்டியும் தம் இழப்பைக் குறைத்தும் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "ஆம், என் கப்பல் அங்கேதான் நின்றது" என்று எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் அந்த வாக்கியத்தைக் கொப்பியிலாவது சொல்லிப் பழகட்டும் என்றே அவருக்குப் பதில் சொன்னேன். அவர் முழுதாக ஒப்பவில்லை.

இனி கணினி. வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய 1980இல் இந்த விளையாட்டுகள் திரைக்கு வந்தன. அவலோன் ஹில்லே 'மிட்வே கம்பெய்ன்' என்பதை ஒலிநாடாவில் வெளியிட்டது. கலிபோர்னியாவில் ஜோயல் பில்லிங்ஸ் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. கம்பனி, 'கம்பியூட்டர் பிஸ்மார்க்' என்பதை அப்பிள் கணினிக்கு வெளியிட்டது. தனியாக ஆடினால் நீங்கள் பிரித்தானியர்; ஜேர்மன் பக்கத்தைக் கணினி நடத்தும். அதற்கு 'ஒட்டோ வொன் கம்பியூட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளின் உதவியால் இன்றும் இவற்றை ஆடிப் பார்க்கலாம். படம் என்று சொல்லச் சில கோடுகள்தாம். ஆனாலும் அன்று இது பெரிய விடுதலை. கூட்டல் பிழையில்லை, விதிநூலை வைத்து வாக்குவாதமில்லை, எதிராளி தேடி அலைய வேண்டியதில்லை. தேடிய கட்டத்தில் கப்பல் இருந்தால் திரை சொல்லிவிடும்.

அந்தத் திரை சொல்வதும் உண்மைதான். ஆயினும் அதை உண்மை பேசுதல் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. பொய் சொல்ல ஆசைப்பட்டு, சொன்னால் வெல்லலாம் என்று தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் பேச்சில் உண்மை. ஒட்டோவுக்கு அந்த ஆசை இல்லை. இன்னொன்றும் உண்டு. இரு தரப்புக் கப்பல்களும் நிற்கும் இடம் கணினியின் ஒரே நினைவகத்தில் இருக்கிறது. என் கப்பலைத் தேடும்போது அது அந்த இடத்தை எட்டிப் பார்க்காமல் ஆடுகிறதா என்பது நிரலை எழுதியவரின் நேர்மை. அன்று பல விளையாட்டுகள் பேசிக் மொழியில் இருந்தன. 'லிஸ்ட்' என்று தட்டினால் நிரல் வரிவரியாகத் திரையில் ஓடும், விரும்பியவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இன்று கைத்தொலைபேசியில் பிள்ளைகள் ஆடும் கப்பல் விளையாட்டில் அந்த வாசல் இல்லை. அதில் கப்பலை அழித்து வரையவும் முடியாது. அளாப்ப முடியாத ஆட்டத்தில் அளாப்பாமல் இருந்தவன் என்று எவனையும் புள்ளிபோட்டுப் பாராட்ட என்னால் முடியவில்லை.

'கம்பியூட்டர் பிஸ்மார்க்'கை இருவர் சேர்ந்து ஆடும் முறையும் இருந்தது. கணினி ஒன்று, திரை ஒன்று. ஆகவே ஒருவர் தன் கப்பல்களை நகர்த்தும்போது மற்றவர் எழுந்து போகவோ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரவோ வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. முடிந்தபின் கேட்டால், அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.