தெளிவு சாட்சியாகுமா?

ஒற்றைக்காலில் நின்று சுழலும் ஒரு பெண்ணின் கரிய நிழலுரு. ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபுயுகி கயஹாரா 2003இல் உருவாக்கிய அசைபடம் அது. சிலர் கண்ணுக்கு அவள் வலஞ்சுழியாகச் சுற்றுகிறாள், சிலர் கண்ணுக்கு இடஞ்சுழியாக. ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திசை சட்டென்று மாறிவிடுவதும் உண்டு. படத்தில் எதுவும் மாறுவதில்லை. நிழலுருவில் முகத்துக்கும் முதுகுக்கும் வேறுபாடு இல்லை. நீட்டிய கால் இடமிருந்து வலமாக நகரும்போது உடலுக்கு முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று காட்டிக்கொடுக்கும் வெளிச்சமோ மடிப்போ அங்கே கிடையாது. ஒரு கரும்பரப்பு விரிந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் யாரும் கரும்பரப்பைக் காண்பதில்லை. பெண்ணைக் காண்கிறோம், ஒரு குறிப்பிட்ட திசையில், கொஞ்சமும் ஐயமில்லாமல். மூளையின் வலப்பாதி ஓங்கியவரா இடப்பாதி ஓங்கியவரா என்று இந்தப் படம் சொல்லிவிடும் என ஒரு கதை உலகமெங்கும் பரவியது. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. படம் உண்மையில் எழுப்பும் கேள்வி அதைவிடப் பெரியது: ஓர் அறிவு எவ்வளவு தெளிவாக வருகிறதோ, அந்தத் தெளிவே அது உண்மை என்பதற்குச் சாட்சியாகுமா? சமய அனுபவம் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. ஆகாது என்பது என் முடிவு. ஆனால் அந்த முடிவிலிருந்து பலரும் தாவிச் செல்லும் இடங்களுக்கு என்னால் செல்ல முடியவில்லை.

இந்த மயக்கம் கணினியோடு பிறந்ததல்ல. படிகங்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி நெக்கர், கோடுகளால் வரைந்த கன உருவம் பார்க்கப் பார்க்க முன்பின்னாகப் புரள்வதை 1832இல் எழுதிவைத்தார். அந்தி வானத்தின் பின்னணியில் கறுத்துத் தெரியும் காற்றாலையின் இறக்கைகள் திடீரென எதிர்த்திசையில் சுற்றுவதுபோலத் தோன்றுவதை ஜெர்மானியரான ஜின்ஸ்டெடன் 1860இல் பதிவுசெய்தார். கயஹாராவின் பெண் அந்தக் காற்றாலையின் வழிவந்தவள். விழித்திரையில் விழுவது தட்டையான பிம்பம். ஆழம் அதில் நேராக எழுதப்பட்டிருப்பதில்லை, ஊகித்தே அறியப்படுகிறது. நம் கவனத்துக்கு எட்டாமல் நடக்கும் இந்த ஊகத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாகப் பேசினார். ஊகத்துக்குப் பழக்கமே முதல். அந்தப் பெண்ணைச் சற்று மேலிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டால் வலஞ்சுழி. கீழிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டால் இடஞ்சுழி. தரையில் கிடப்பவற்றை மேலிருந்து பார்த்தே பழகிய கண், முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்ளவே விரும்புகிறது. முதற்பார்வையில் வலஞ்சுழி காண்பவர் மிகுதியாக இருப்பதற்கு 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிய காரணம் இதுதான். குரங்குகளின் மூளையில் அசைவை அறியும் பகுதியை ஆராய்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சுழலும் உருளைபோலத் தோன்றும் புள்ளிக்கூட்டம் மாறாமல் அப்படியே இருக்க, விலங்கு எந்தத் திசையைக் கண்டதாகத் தெரிவிக்கிறதோ அதற்கேற்ப அங்குள்ள நரம்பணுக்களின் துடிப்பு மாறியது. கண்ட பிறகு நாம் வாயால் சொல்லும் விளக்கம் மட்டும் மாறுகிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. காட்சியே மாறுகிறது.

நம் மரபு பிழையறிவுக்கு வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டுகள் கயிற்றில் பாம்பும் இப்பியில் வெள்ளியும். இரண்டிலும் உண்மை ஒன்று பக்கத்திலேயே கிடக்கிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்க் கயிறு நிற்கும். சுழலும் பெண்ணிடம் எந்த விளக்கைக் கொண்டுபோனாலும் சரியான திசை என்று ஒன்று கிடைக்காது. ஆகவே இது திரிபு அல்ல. இதுவா அதுவா என்று உள்ளம் ஊசலாடவில்லை என்பதால் ஐயமும் அல்ல. சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் அளவைவாதி அறிவின் குற்றங்கள் எட்டைச் சொல்லும்போது, ஐயத்தையும் திரியக்கோடலையும் தனித்தனியே வைத்துவிட்டு, ‘தேராது தெளிதல்’ என்று இன்னொன்றையும் சொல்கிறார். வெட்டவெளியில் நிற்கும் தறியை, ஆராயாமலே, மனிதன் என்று துணிவது அது. சாத்தனார் அதைத் தனிக்குற்றமாக நிறுத்தியது எவ்வளவு நுட்பமானது என்பதை இந்த அசைபடத்தின் முன் உட்கார்ந்தால்தான் முழுதாக உணர முடிகிறது. இங்கே குறை, காட்சி தவறாக இருப்பதில் இல்லை. ஆதாரம் பாதிவழியில் நின்றுவிட, துணிவு மட்டும் முழுவழியும் போய்விடுகிறது. இடையில் விட்டுப்போன தூரத்தைப் பார்ப்பவரால் உணரவே முடிவதில்லை.

அந்தத் தூரத்தை நாம் எப்படியெல்லாம் மூடிக்கொள்கிறோம் என்பதற்கு இரண்டு சோதனைகள் முக்கியமானவை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் ஸ்டூவர்ட் அன்ஸ்டிஸும் 1983இல் வெளியிட்டது முதலாவது. ஒரு சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு புள்ளிகள் தோன்றி மறைகின்றன; உடனே மற்ற இரண்டு மூலைகளில் இரண்டு புள்ளிகள். புள்ளிகள் மேலும் கீழும் தாவுவதாகவும் காணலாம், பக்கவாட்டில் தாவுவதாகவும் காணலாம். இரண்டுக்கும் சம நியாயம் உண்டு. இப்படிப்பட்ட சதுரங்கள் பலவற்றை ஒரே திரையில் பரப்பினால், ஒவ்வொன்றும் தன்போக்கில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. எல்லாம் ஒரே வழியில் தாவுகின்றன. புரண்டால் எல்லாம் சேர்ந்தே புரள்கின்றன. இரண்டாவது, லியோபோல்டும் அவருடன் பணிசெய்தவர்களும் 2002இல் வெளியிட்டது. திசை மயங்கும் படத்தை இடைவிடாமல் காட்டினால் காட்சி புரண்டுகொண்டே இருக்கும். சில நொடி காட்டி, சில நொடி மறைத்து, மறுபடி காட்டினால் புரள்வது பெரிதும் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை தோன்றும்போதும் முன்பு கண்ட அதே திசையே திரும்பி வருகிறது. முன்பு கண்டது அடுத்துக் காண்பதைக் கட்டிப்போடுகிறது. ‘இவ்வளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதே’ என்பதும் ‘எத்தனை முறை பார்த்தாலும் அப்படியே இருக்கிறதே’ என்பதும் நாம் ஒரு நம்பிக்கைக்குத் தரும் மிகப் பழைய சான்றுகள். ஒத்துப்போவதையும் திரும்பத் திரும்ப வருவதையும் காண்பவரின் உள்ளமே செய்துகொடுக்க வல்லது என்று இந்தச் சோதனைகள் காட்டுகின்றன. இது பக்தருக்கு மட்டும் சொன்னதல்ல. உலகில் எங்கே நோக்கினாலும் நோக்கமற்ற பொருளின் இயக்கமே தெரிகிறது என்று உறுதியாகச் சொல்பவரும் இதே சான்றுகளைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: அப்படியானால் புலன்கள் காட்டும் உலகம் முழுவதுமே மாயை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? விழித்திரைப் பிம்பம் எப்போதும் தட்டையானது. எந்தக் காட்சியிலும் ஆழம் ஊகம்தான். ஆகவே எல்லாப் பார்வையும் இந்தப் பெண்ணைப் பார்ப்பது போன்றதே என்று வாதம் போகும். நான் இதை ஏற்கவில்லை. இந்த மயக்கத்தை உண்டாக்க எவ்வளவு நீக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். வெளிச்சத்தை நீக்க வேண்டும், முகத்தை நீக்க வேண்டும், அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரிவதை நீக்க வேண்டும், இரண்டு கண்களின் கோண வேறுபாட்டைப் பயனற்றதாக்க வேண்டும், பார்ப்பவர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் புதிதாக ஒன்றும் தெரியாதபடி திரையில் அடைக்க வேண்டும். உயிருள்ள நர்த்தகி எதிரே சுழன்றால் அவள் திசையைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. பார்வை என்பது ஒரு கணத்துப் பிம்பம் அல்ல. தலையைத் திருப்பி, நடந்து, தொட்டு நடத்தும் விசாரணை. விசாரணைக்கான வழிகள் அடைக்கப்பட்ட இடத்தில் பார்வை தோற்பது, வழிகள் திறந்திருக்கும் இடத்திலும் தோற்கிறது என்பதற்குச் சான்றாகாது. படம் இருபொருள்படுவது என்று நாம் கண்டுபிடித்ததும் கண்ணால்தான்: ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்து, அளந்து, பிறர் கண்டதைக் கேட்டு. பிழையறிவு மெய்யறிவைக் கடன்வாங்கித்தான் நிற்கிறது என்று நியாய மரபினரான நையாயிகர்கள் வாதிட்டது இங்கே அப்படியே பொருந்துகிறது. எல்லாம் பிழை என்று சொல்ல வந்தவருக்குப் பிழை என்ற சொல்லே கைவிட்டுப் போய்விடும்.

இன்னொரு தாவல் இதைவிட இனிமையானது, அதனாலேயே அதிகம் பரவியது. உனக்கு வலஞ்சுழி, எனக்கு இடஞ்சுழி, இருவரும் கண்டது ஒருத்தியைத்தான். சமயங்களும் அப்படியே என்பார்கள். இணக்கத்தை விரும்பும் நல்ல மனம் இதன் பின்னால் இருப்பதை மதிக்கிறேன். ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே இருவரும் சரியல்ல. இல்லாத ஆழத்தை இருவருமே சேர்த்திருக்கிறார்கள். சமயங்களைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்பை இணக்கம் நாடுபவர் விரும்ப மாட்டார். ஒருமையைச் சொல்ல வேறு வலுவான வாதங்கள் இருக்கலாம். அவற்றை இந்தப் படத்தில் தேட வேண்டாம்.

வேத விளக்க மரபினரான மீமாம்சகர் எழுப்பும் தடைதான் உண்மையில் கடினமானது. அறிவு தன்னாலேயே பிரமாணம் என்பது அம்மரபின் ஆசான் குமாரிலர் வழிவந்தவர்கள் நிலை. ஓர் அறிவு உண்மை என்று நிறுவ இன்னோர் அறிவு வேண்டுமென்றால், அதை நிறுவ மூன்றாவது வேண்டும். இது முடிவில்லாமல் போகும். ஆகவே வந்த அறிவை ஏற்றுக்கொள். பின்னால் வேறோர் அறிவு அதை மறுத்தால், அல்லது அறிவு பிறந்த கருவியில் குறை தெரிந்தால், அப்போது விட்டுவிடு. அன்றாட வாழ்வுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். பார்க்கும் ஒவ்வொன்றையும் ஐயப்படுபவரால் ஒரு தெருவைக் கூடக் கடக்க முடியாது. எனினும் சுழலும் பெண் இந்த விதியின் ஓர் இடைவெளியைத் திறந்துகாட்டுகிறாள். வலஞ்சுழியை மறுத்து வரும் இடஞ்சுழிக்கும் அதே அளவு ஆதாரமின்மைதான் உண்டு. பின்வந்தது முன்வந்ததை மறுக்கிறது, ஆனால் திருத்தவில்லை. இரண்டாவது காட்சி வராமலே போனவருக்கு முதற்காட்சியைக் கைவிட ஒரு காரணமும் கிடைக்காது. கண்ணிலும் நோயில்லை, நல்ல கண் நன்றாக வேலை செய்ததன் விளைவே அது. எனவே, மறுப்பு வரும்வரை ஏற்கலாம் என்ற விதியோடு ஒரு கடமையும் சேர வேண்டும்: மறுப்பு வந்திருந்தால் அது என் காதுக்கு எட்டக்கூடிய இடத்தில்தான் நான் நிற்கிறேனா என்று கேட்பது. முடிவில்லாச் சங்கிலி இதற்குத் தேவையில்லை. எல்லா அறிவையும் நிறுவச் சொல்லவில்லை. எந்த வழிகள் அடைபட்டிருக்கின்றன என்று பார்க்கச் சொல்கிறது.

சமய அனுபவத்துக்கு இதைப் பொருத்தும்போது நியாயமான ஒரு மறுப்பு எழும். தியானத்திலோ வழிபாட்டிலோ ஒருவர் உணர்வது திரையில் ஓடும் பொம்மையல்ல. அது அவர் வாழ்வையே மாற்றுகிறது, கோபக்காரரைப் பொறுமைசாலி ஆக்குகிறது. உண்மைதான், அந்த மாற்றத்தை குறைத்து எடைபோடக் கூடாது. ஆனால் அது தெளிவைத் தாண்டிய வேறொரு சான்று. வாழ்க்கையில் வெளிப்படுவது, பிறராலும் பார்க்கத்தக்கது. தெளிவு மட்டும் போதாது என்பதை மரபும் அறிந்தே இருந்தது. சுருதி, குருவாக்கு, சுவானுபவம் மூன்றும் ஒத்துவர வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் அதுதான். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: அந்த நூலைப் படித்து, அந்தக் குருவிடம் பயின்று, அவற்றால் பண்பட்ட உள்ளத்தில் எழும் அனுபவம் மூன்றாவது சாட்சியா, முதலிரண்டின் எதிரொலியா? சேர்ந்தே தாவிய புள்ளிகளை நினைத்தால் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. தொடர்பில்லாத இடத்திலிருந்து வரும் ஒரு குரல் இன்னும் வேண்டியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவம், தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து வாதிடும் பரபக்கத்தை வைத்தார். அவருடைய மறுப்புகள் எல்லாம் நடுநிலையானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசை முறை சரியானது. மணிமேகலையும் மாதவன் வடிவம், அதாவது ஆண் துறவியின் வடிவம், கொண்டு வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருக்கம் பயிலக் காஞ்சிக்குப் போவது அதற்குப் பிறகுதான்.