இலவசத்திற்கும் ஓர் எல்லை உண்டு

களவு என்றதும் நம் மனக்கண்முன் வருபவர்கள் பூட்டை உடைப்பவனும் வேலி பாய்பவனுந்தான். அவர்கள் செய்வது பிழை என்பதை எவரும் நமக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நேர்மையாக வாழ்பவர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். களவா, களவில்லையா என்று சட்டெனச் சொல்லமுடியாத சிறு செயல்கள் சில உள்ளன. அவ்வாறான ஒன்றை இக்கட்டுரையில் எடுத்துச் சிந்திப்போம். விடயம் ஒரு கோப்பை சோடா பற்றியது. கேட்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும், சிறிய பொருளை வைத்துத்தான் பெரிய கேள்வியை இலகுவாக விளங்கிக்கொள்ள முடியும்.

நமது ஊர்க் கடைகளில் சோடா போத்தலில் வரும். காசைக் கொடுத்தால் ஒரு போத்தல் கிடைக்கும். குடித்தால் கணக்கு முடிந்தது. அமெரிக்காவின் பல உணவுச்சாலைகளில் வழக்கம் வேறு. அங்கே காசு கொடுப்பவருக்கு வெறுங்கோப்பையைத்தான் கொடுக்கிறார்கள். அவர் இயந்திரத்தின் அருகே சென்று தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். குடித்து முடிந்தால் மீண்டும் நிரப்பலாம். அதற்கு மேலதிகக் காசு இல்லை. இதனை அங்கே 'ரீபில்' என்பார்கள். அந்த இயந்திரத்தில் ஒரு பங்கு இனிப்புப் பாகுடன் ஏறத்தாழ ஐந்து பங்கு வாயு கலந்த நீர் சேர்கிறது. ஆகவே ஒரு கோப்பை சோடாவுக்குக் கடைக்காரருக்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம். அதனால்தான் இவ்வளவு தாராளமாகக் கொடுக்க முடிகிறது.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் உறவினர்கள் பலர் பிள்ளைகளின் விடுமுறைக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்று வருகிறார்கள். அங்கே ஒர்லாண்டோ நகருக்கு அருகில், 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆம் திகதி திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் பெரும் பொழுதுபோக்கு நகரம் உள்ளது. அதன் விடுதிகளில் தங்குவோருக்கு ஒரு குவளை விற்கிறார்கள். அதை வாங்கியவர் தாம் தங்கியிருக்கும் நாட்கள் முழுவதும் விடுதிகளிலுள்ள இயந்திரங்களில் விரும்பியபோதெல்லாம் நிரப்பிக் குடிக்கலாம். தங்கும் நாட்கள் முடிந்தால் அந்த உரிமையும் முடிந்துவிடும். குவளையை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது. முன்னர் சிலர் அந்தக் குவளையைக் கழுவிப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த பயணத்தின்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். புதிதாகக் காசு கொடுக்காமலே பழைய குவளையில் நிரப்பிக் குடிப்பார்கள். வேறு சிலர் ஒரேயொரு குவளையை வாங்கி, குடும்பத்தில் ஐந்து பேரும் அதிலிருந்தே தத்தம் கோப்பைகளுக்கு ஊற்றிக்கொள்வார்கள். சாதாரண உணவுச்சாலைகளிலே தண்ணீருக்கென்று காசின்றிக் கோப்பை கேட்டு வாங்கி, அதில் சோடாவை நிரப்புவோரும் உண்டு. இவர்களிற் பெரும்பாலானோர் வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரு சதத்திற்கும் கணக்குச் சொல்பவர்கள். பிறர் பொருளைக் கண்ணாலும் பாராதவர்கள். அவர்களைக் கள்வர் என்றால் மனம் நோவார்கள். நோவதிலும் நியாயம் உண்டு. எனினும் செய்தது சரியா என்று கேட்டால் அவர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

முதலாவது காரணம், "கடைக்காரருக்கு இதனால் என்ன நட்டம்? சில சதங்கள்தானே" என்பது. இது உண்மை. ஆனால் நட்டம் சிறிது என்பதால் உரிமை நமக்கு வந்துவிடுமா? அயல்வீட்டு மாமரத்தில் நூறு மாங்காய் தொங்கும்போது ஒன்றைப் பறித்தால் அவர்களுக்குக் குறையொன்றும் வராது. ஆயினும் கேட்டுப் பறிப்பதற்கும் கேளாமற் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் அறியும். மாங்காய் ஒன்றுதான், இடையில் நிற்பது உடையவரின் சம்மதம்.

இரண்டாவது காரணம், "குவளைக்கு நான் காசு கொடுத்துவிட்டேன், அது என்னுடையது" என்பது. குவளை அவருடையதுதான். அதில் தேநீர் குடிக்கலாம், பூச்செடி வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் குவளைக்குள் நிரப்பும் உரிமை இத்தனை நாட்களுக்கு என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஒரு மாத வாடகை கொடுத்தவரிடம் வீட்டுத் திறப்பு தவறுதலாக இருந்துவிட்டது என்பதற்காக, அடுத்த வருடம் அவர் அந்த வீட்டைத் திறந்து உள்ளே போகமுடியாது அல்லவா? விற்கும்போது காலவரையறை எதுவும் சொல்லப்படவில்லையென்றால் வாங்கியவர் பக்கம் நியாயம் இருக்கும். சொல்லி விற்ற பின்னர் அந்த வாதம் நிற்காது.

மூன்றாவது காரணம், "அவர்கள் பெரிய கம்பனி, எல்லாவற்றுக்கும் கொள்ளை விலை வாங்குகிறார்கள்" என்பது. விலை அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. விலை பிடிக்காதவர் வாங்காமல் விடலாம். தாகத்துக்கென்றால், அந்தப் பூங்காக்களின் உணவுச்சாலைகளில் கேட்பவர்களுக்கு ஐஸ் தண்ணீர் காசின்றியே தருகிறார்கள். எனவே தாகம் என்பதும் இங்கே சாட்டாகாது. விற்பவர் பேராசைக்காரர் என்பது நமது ஆசைக்கு அனுமதிச் சீட்டும் ஆகாது.

நம் ஊர்த் திருவிழாக் காலத்துத் தண்ணீர்ப் பந்தலை எண்ணிப் பாருங்கள். வெய்யிலில் வருபவர்களுக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிறார்கள். காசு கேட்பதில்லை, எத்தனை முறை குடித்தாலும் முகம் சுளிப்பதில்லை. அப்படியிருந்தும் ஒருவர் வாளியைக் கொண்டுவந்து நிரப்பி வீட்டுக்கு எடுத்துச் சென்றால் நாம் என்ன நினைப்போம்? அங்கே வாளி கூடாது என்று பலகை எதுவும் இல்லை. இருந்தும் அது தகாது என்று நமக்குத் தெரிகிறது. ஏனெனில் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதை நாம் அறிவோம். இலவசத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பது கொடுப்பவரின் எண்ணமே. காசின்றிக் கொடுக்கும் இடத்திலேயே இப்படியென்றால், காசுக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டுக் கொடுக்கும் இடத்தில் சொல்லவும் வேண்டுமோ?

மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. அனுமதித்த அளவுக்குள் ஒருவர் மூன்று முறை, நான்கு முறை நிரப்பினால் அதில் குற்றம் எதுவும் இல்லை. அது அவருக்குத் தரப்பட்டது. இத்தகைய சிறு விடயத்துக்குப் பெருந்தண்டனை கொடுப்பதும் அறமாகாது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ள்ஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரச வைத்தியசாலையொன்றின் சிற்றுண்டிச்சாலையில், கட்டட வேலைக்கு வந்த ஒருவர் காசு கொடுக்காமல் மீண்டும் சோடா நிரப்பினார். அதன் விலை 89 சதம். அவருக்கு எழுதப்பட்ட தண்டமோ 525 டொலர். அறிவித்தலைத் தாம் காணவில்லை என்றார் அவர். விடயம் செய்திகளில் வெளிவந்து பலரும் பேசிய பின்னர், தண்டம் நீக்கப்பட்டு எச்சரிக்கையாக மாற்றப்பட்டது. அறியாமற் செய்தவரை அறிந்து செய்தவர்போல நடத்தலாகாது என்பதையும், குற்றத்தின் அளவுக்கே தண்டனை இருக்கவேண்டும் என்பதையும் இச்சம்பவம் நினைவூட்டுகிறது.

அப்படியானால் சில சதம் பெறுமதியான சோடாவில் உண்மையிலே இழக்கப்படுவது என்ன? நம்பிக்கைதான். டிஸ்னி விடுதிகளில் முன்னர் இயந்திரத்தைக் காவல் காக்க எவரும் இருக்கவில்லை. வருபவர்கள் சொன்ன சொல்லின்படி நடப்பார்கள் என்று விட்டிருந்தார்கள். 2013ஆம் ஆண்டில் குவளையின் அடியில் ஓர் இலத்திரனியல் 'சிப்' பொருத்தும் முறை வந்தது. இயந்திரம் அதை வாசிக்கும். நாட்கள் முடிந்திருந்தால் சோடா வராது. சாதாரண காகிதக் கோப்பைகளுக்கும் அவ்வாறே சிப் வைத்து, எத்தனை முறை நிரப்பலாம் என்று மட்டுப்படுத்தினார்கள். இப்பொழுது நேர்மையானவரும் நேர்மையற்றவரும் அந்த இயந்திரத்தின் முன்னால் ஒன்றுதான். ஒருவருடைய சொல்லை நம்பி விட்டிருந்த இடத்தில் காவல் வந்துவிட்டது. காவலின் செலவையும் கடைசியில் விலையாகக் கொடுப்பவர்கள் வாங்குபவர்களே.

விடுமுறை என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஊரில் நம்மை எல்லோருக்கும் தெரியும். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகள் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையே பாதி ஒழுக்கத்தைக் காத்துவிடுகிறது. தூர தேசத்தில் நம்மை அறிந்தவர் யாரும் இல்லை. நாளை அந்தக் கடைக்காரரை நாம் காணப்போவதும் இல்லை. ஆகையால் நமது நேர்மையில் ஊருக்குப் பயந்த பங்கு எவ்வளவு, நமக்கே சொந்தமான பங்கு எவ்வளவு என்பது அங்கேதான் தெரியவரும்.

ஆனால் அங்கும் நம்மைப் பார்க்கும் கண்கள் உண்டு. அவை நம் பிள்ளைகளின் கண்கள். "பொய் சொல்லாதே, களவெடுக்காதே" என்று வீட்டில் நூறுமுறை சொன்ன தாய் தந்தையர், தண்ணீர்க் கோப்பையில் சோடாவை நிரப்பிக் கண்சிமிட்டினால், பிள்ளை கற்றுக்கொள்வது கண்சிமிட்டலைத்தான். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை அலுவலகப் பொருளிலும் பொதுப் பணத்திலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: "பெரிய இடம், சிறிய தொகை, யாருக்கும் நட்டமில்லை."

வள்ளுவர் திருக்குறளின் அறத்துப்பாலிலே கள்ளாமை என்று ஓர் அதிகாரத்தை, 29ஆவது அதிகாரமாக வைத்திருக்கிறார். அங்கே அவர் களவைக் கைக்கு முன்பு மனத்திலேயே தேடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. நமது கேள்விக்கும் விடை அங்கேதான் உள்ளது. ஐயம் வரும்போது ஒரு சோதனை போதும். கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டு, "ஐயா, இது போன வருடக் குவளை, இதில் நிரப்பட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்க நம்மால் முடியுமா? முடியுமென்றால் கேட்போம், அவர் சம்மதித்தால் மனநிறைவோடு குடிப்போம். கேட்க நாக்கு எழவில்லையென்றால், விடை நமக்கு முன்னரே தெரியும் என்பதே பொருள்.

தரப்பட்டதை மகிழ்ச்சியோடு ஏற்று, தரப்படாததைத் தொடாது விடுவோம். எந்தத் தேசத்திற்குச் சென்றாலும் நம்மை நம்பி விட்டவரின் நம்பிக்கையைக் காப்பவர்களாக நாமும் நம் பிள்ளைகளும் வாழ்வோமாக.