கடலடிப் பழி யாரைச் சேரும்?

கொல்லிமலையில் பாக்சைட் வெட்டினால் அந்தத் தழும்பு கண்ணில் படும். கடலுக்குள் வெட்டியதையோ அலை மூடிவிடும். மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இதுவே. சின்னஞ்சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சுண்ணம் சேர்த்துக் கட்டிய பவளப் பாறைகளைக் காளவாய்களுக்காகப் பெயர்த்தெடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் தேய்ந்தது. 21 தீவுகளுள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் ஆழ்ந்தன. 1986-இல் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் பவளத்துக்குச் சட்டக் காப்பும் வந்தது.

வெட்டியவன் கூலிக்காரன். பழியை அவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவருக்குள் நிழல் கண்டவருக்கும் பங்குண்டு அன்றோ?

வெட்டுதல் நின்றது. ஆயினும் கடல்நீர் சூடேறி 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளிறின, பல மடிந்தன. இம்முறை சுட்டிக்காட்டக் கூலிக்காரனும் இல்லை. அதே கரையில் தூத்துக்குடியின் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. அங்கிருந்து வரும் மின்சாரத்தில் எரியும் விளக்குகளுள் நம் வீட்டு விளக்கும் ஒன்று.